சுவரொட்டியில் ஐந்து பதக்கங்கள்

ஹெர்மோகெனஸ் பச்சோனுக்குக் கிடைத்தவை மூன்று.
சுவரொட்டி வரைந்தவன் ஐந்தாக்கினான்.
நெஞ்சில் இடம் மிச்சமிருந்தது என்றான்.

மை காயாத தாளை என் மேசைமேல் விரித்து
விரல்விட்டு எண்ணினார் பச்சோன்.
இரண்டாம் தடவை எண்ணும்போது
நான் தட்டச்சை நிறுத்திவிட்டேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
தாளைச் சுருட்டிக் கொடுத்தார்.
பசைவாளியோடு பையன்கள் ஓடினார்கள்.

அந்த மார்ச் மாதம் எங்கள் மலைநகரம் முழுக்க,
தேவாலயத்துப் பக்கச்சுவரில், சாராயக்கடைக் கதவில்,
கோவேறு கழுதைகளைக் கட்டும் கல்தூணில்கூட
ஐந்து பதக்கங்களோடு நின்றார்.
இடது காதில் குண்டு கொண்டுபோன துண்டையும்
ஓவியன் திருப்பிக் கொடுத்திருந்தான்.

நான் ஒத்திலியா, நகரசபைத் தட்டச்சுக்காரி.
அவர் மேடையில் பேசியதெல்லாம்
முதலில் என் விரல்கள் பேசியவை.
கொரியா என்று அடிக்கும்போதெல்லாம்
முதல் எழுத்து சிக்கிக்கொள்ளும்.
நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுத் தொடர்வேன்.

எண் மட்டுமே பெயராயிருந்த ஒரு குன்று.
அதுவரை நாங்கள் யாரும் கண்டிராத பனி.
முதல் கூட்டத்தில், காயம்பட்ட ஒருவனை
முதுகில் சுமந்து இறங்கினார்.
உருளைக்கிழங்குச் சந்தையில் பேசியபோது
இருவர்.
பிரச்சாரம் முடிவதற்குள்
அரைப் படைப்பிரிவே அவர் முதுகில் ஏறி இறங்கிவிட்டது.
எனக்குக் கூட்டல் தெரியும்.
ஆனால் சம்பளம் அடிப்பதற்குத்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் கடைசி பெஞ்சில்
திரான்சித்தோ குவேர்வோ வந்து உட்காருவாள்.
மகன் பெலிசாரியோ, பச்சோன் போன அதே கப்பலில் போனவன்.
குன்றைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.
மேட்டுத்தெருவுக்குக் குழாய் எப்போது?
அது ஒன்றுதான்.
பீரங்கிச் சத்தத்துக்குக் குனியாதவர் என்று
நான் எத்தனையோ முறை அடித்த அந்த மனிதர்
அவள் தலை தெரிந்ததும்
ஷூ நாடா கட்டக் குனிந்துவிடுவார்.

ஓர் இரவு எல்லோரும் போனபின்
அடி, என்றார்.
பேச்சா என்றேன். இல்லை.

'நான் சுமந்தது ஒருவனை.
பாதி வழியில் அவன் மூச்சு நின்றது.
என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த சூடு நின்றது,
அதனால் தெரியும்.
இறக்கி வைக்கவில்லை.
பின்னாலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள்.
முதுகில் அவன் இருக்கும்வரை
எனக்கு முதுகு இருந்தது.
அதற்குத்தான் முதல் பதக்கம்.'

பிறகு பெயரைச் சொன்னார்.
முதல் எழுத்திலேயே கை நின்றுவிட்டது;
இந்தத் தடவை இயந்திரத்தில் கோளாறு ஏதுமில்லை.

யாருக்கு அனுப்ப என்று கேட்டேன்.
கார்பன் தாளையும் கொடு என்றார்.
இரண்டையும் மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு
மழையில் இறங்கிப் போனார்.
அவள் வீடு இருக்கும் திசைதான்.
ஆனால் அவர் வீடும் அதே திசை.

குழாய் ஜூனில் வந்தது.
திறப்பு விழாவில் முதலில் சேறு,
பிறகு காற்று,
பிறகு தண்ணீர்.
திரான்சித்தோ குடத்தை நிரப்பிக்கொண்டு
பேச்சு தொடங்குமுன் கிளம்பிவிட்டாள்.
அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை
அந்த நடையில் தேடினேன்.
குடம் தளும்பாமல் நடக்கத் தெரிந்தவள்.

தலைநகரில் மூன்றாம் ஆண்டு,
கட்டாய ராணுவச் சேவையை நீட்டிக்கும் மசோதா.
அவர் எழுந்ததும் குன்று வரப்போகிறது என்று
சபை நாற்காலிகளில் சாய்ந்துகொண்டதாம்.
'எதிர்க்கிறேன்' என்றார்,
உட்கார்ந்துவிட்டார்.
கட்சிக்காரர்கள் அவரோடு
மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

அடுத்த தேர்தலின் சுவரொட்டிகளை
அவரே சவர பிளேடோடு உட்கார்ந்து சுரண்டினார்,
ஒவ்வொன்றிலும் இரண்டு பதக்கங்கள்.
நெஞ்சில் இரண்டு வெள்ளை ஓட்டைகள்.
எதிர்க்கட்சிப் பையன்களின் வேலை என்று
ஊர் பேசிக்கொண்டது.
இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் தோற்றார்.

அக்டோபர் மழை ஒன்பது நாள்.
ஈரம் ஏற ஏறப் புதிய தாள் உரிந்து தொங்கியது.
அடியில் பழையவர்,
முழுக் காதோடு,
ஐந்தும் பளபளக்க.

அந்தப் பசை அவ்வளவு எளிதில் விடாது.
கோதுமை மாவில் துத்தம் கலந்து
நான் காய்ச்சியது.